பென்சிலால் மட்டும்

தாலினில் டிசம்பர் என்றால்
மூன்றரைக்கே பொழுது சாய்ந்துவிடும்.
ஜூனில் இரவு பத்தரைக்கும்
ஜன்னல் கண்ணாடியில் வெயில் கிடக்கும்.
மாலை எப்போது என்று
சூரியனைக் கேட்டுப் பயனில்லாத ஊர்.
அதனால் இங்கே மாலையை நான் எழுதுகிறேன்,
கோப்லி டிராம் பணிமனையில், இரண்டாம் மாடியில்,
பென்சிலால்.

எண்பத்தேழு ஓட்டுநர்கள்.
கட்டம் போட்ட தாளில் ஆளுக்கொரு வரிசை.
ஒருமுறை பேனாவால் எழுதினேன்.
மூன்று வாரம் ஒருவரும்
என்னோடு காப்பி குடிக்கவில்லை.

இழுப்பறை முழுக்கச் சீட்டுகள்.
கூல்லி எழுதுகிறாள்:
மழலையர் பள்ளி ஆறரைக்கு மூடுகிறது,
என் டிராம் ஆறு நாற்பதுக்குத்தான்
பணிமனைக்குள் நுழைகிறது,
மீதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.
போட்டேன். அந்த மீதி முழுக்க லென்னா
கோட்டு, தொப்பி, கையுறையோடு
சூடான அறையில்
வியர்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

ரயிஸாவின் சீட்டு ரஷ்ய மொழியில்.
கணவனுக்கு ஹெல்சின்கியில் கட்டட வேலை,
வெள்ளிக் கப்பலில் வந்து ஞாயிற்றுக் கப்பலில் போகிறான்.
வெள்ளி மாலை எனக்கு,
மற்றதெல்லாம் உங்களுக்கு.

வெய்கோ காரணம் எழுதுவதில்லை.
‘மாலை வேண்டாம்’ என்று மட்டும்,
அடியில் இரட்டைக் கோடு.
அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

எல்லோரையும் ஐந்துக்கே அனுப்பிவிடலாம்தான்.
ஆனால் ஐந்துக்குத்தானே
ஊரே வீட்டுக்குப் புறப்படுகிறது?
தச்சர், துணிக்கடைப் பெண், பல் மருத்துவரின் உதவியாளர்,
ஒரு கையில் பால் பாக்கெட்,
மறுகையில் தலைக்கு மேல் தொங்கும் வார்,
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
ஒரு முதுகை நம்பி நிற்கிறார்கள்.
அந்த முதுகு
வீட்டுக்குப் போகக்கூடாது.

இருபது வருடமாய் அது ஹெய்னோ.
மனைவி இல்லை, பிள்ளை இல்லை,
சீட்டும் இல்லை.
எந்தக் கட்டம் இடித்தாலும் அவர் பெயரைப் போடுவேன்,
ஆடுகிற மேசைக்காலுக்கு
அட்டையை மடித்துச் செருகுவதுபோல.

போன திங்கள் மேலே ஏறி வந்தார்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
என் தரையில் குளம் கட்டும்வரை நின்றார்.
செவ்வாய்தோறும் மாலை வேண்டும் என்றார்.
எதற்கு என்றேன்,
படிவத்தில் அப்படியொரு கட்டம் இருப்பதால்.
“எதற்கும் இல்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்து
டிராம் போவதைப் பார்க்கணும்.
வேற யாராவது ஓட்டி.”

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள் அழித்தேன்.
தாள் ஓரிடத்தில் ஓட்டையாகிவிட்டது,
செவ்வாயில்தான்.
பின்பக்கம் டேப் ஒட்டி
அதன்மேல் கூல்லியின் பெயரை எழுதினேன்.

அவள் கத்தவில்லை.
“மற்ற நாலு நாள்?”
நாலு மணிக்கு இறங்கிவிடலாம் என்றேன்.
கையுறையைக் கழற்றாமலே விரல்விட்டு எண்ணினாள்.
“செவ்வாய்க்கு அக்காவைக் கேட்கிறேன்.
பனிரெண்டு வருஷமாய்ப் பேச்சு இல்லை.
கேட்கிறேன்.”

புதன்கிழமை
நாலரைக்கே பள்ளி வாசலில் நின்றிருக்கிறாள்.
லென்னாவுக்குக் கோபம்:
கட்டைக் கோபுரம் பாதிதான் ஆகியிருந்தது,
ஏன் இப்பவே வந்தே?
கோட்டை மாட்டிக்கொள்ள மறுத்து
தரையில் படுத்துக்கொண்டாளாம்.
இதைச் சொல்லும்போது கூல்லி
எதையோ ஜெயித்த மாதிரி இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணி.
அந்தத் தாளில் எனக்கென்று வரிசை கிடையாது,
வேலை முடிந்தபோது கிளம்பினேன்.
கூல்லியின் டிராம்தான் வந்தது.
தடுப்புக்கு இந்தப் பக்கம்
வாரைப் பிடித்து நின்றுகொண்டேன்.

மூன்றாம் நிறுத்தம் தாண்டி, மஞ்சள் மரவீடு,
மாடியில் ஹெய்னோவின் ஜன்னல்.
விளக்கில்லை.
உள்ளே இருட்டாக இருந்தால்தானே
வெளியே தெரியும்.

கூல்லி ஒருமுறை மணியை அடித்தாள்.
தண்டவாளத்தில் யாரும் இல்லை.